பூண்டு மணந்த கல்

லெட்சுமி வீட்டுச் சமையலறைக்குள் காலெடுத்து வைத்ததும் பூண்டு வாசனை மூக்கில் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால். அம்பாங்கில், கைவிடப்பட்ட ஓர் ஈய லம்பத்துக் குளத்தை ஒட்டி அவர்கள் வீடு. லம்பம் என்றால் சுரங்கம். மலேசியாவில் எங்கள் பக்கத்தில் யாரும் சுரங்கம் என்று சொல்லிக் கேட்டதில்லை. பலகைச் சுவர், தகரக் கூரை. வெயிலில் தகரம் டக் டக்கென்று சொடுக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அடுப்பில் சாம்பார் கொதித்தது. முருங்கைக்காய், கத்தரிக்காய். பூண்டு எங்கேயும் தென்படவில்லை.

"பூண்டு வதக்கினியாடி?" என்று கேட்டேன்.

"பூண்டு தீந்து எத்தனையோ நாளாச்சு. பாசாருக்குப் போயி வாங்கவே தெம்பு இல்ல" என்றாள்.

லெட்சுமியும் நானும் பிரிக்பீல்ட்ஸில் ஒரே வரிசை ரயில்வே வீடுகளில் வளர்ந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவள் கல்யாணமாகி அம்பாங்குக்குப் போன பிறகும் அடிக்கடி போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்த முறை இடைவெளி விழுந்துவிட்டது. கதவைத் திறந்தவளைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தாள்.

வயிறு எரிகிறதாம். சாப்பிட்டால் வாந்தி. உள்ளங்காலில் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறதாம். டாக்டர் கேஸ்ட்ரிக் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். இந்த நேரம் பார்த்து வளர்த்த கோழிகளும் ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன, ஏதோ கோழிச் சீக்கு என்றாள்.

அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே நான் மூக்கை உறிஞ்சினேன். வாசனை சமையலறையிலிருந்து வரவில்லை. அதற்குப் பின்னால் சாய்ப்பாக இறக்கியிருந்த தகரக் கொட்டகையிலிருந்து வந்தது.

"அங்க என்ன நடக்குது?"

"அவரு எதையோ உருக்குறாரு. கேக்காத, சொன்னா சிரிப்பே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாசனையை எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

மிஸ் பிக்கல்

ரயில்வே வீடுகளைப் பற்றி இந்தத் தொடரில் எழுதிய வாரம், "ஊரார் வேலையெல்லாம் எழுதுகிறீர்கள், உங்கள் வேலையைச் சொல்லவில்லையே" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சொல்கிறேன்.

அம்பாங் சாலையில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் பரிசோதனைக்கூடம். கீழே டயர் கடை. மாடிப்படி முழுக்க ரப்பர் வாடை. மேலே ஏறினால் அமில வாடை. எழுபதுகளில் அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவத்தில் வேதியியல் எடுத்தது ஒன்றே தகுதி. எங்கள் தலைவர் மிஸ்டர் சோங். வெளிநாட்டில் படித்தவர், மெலிந்த மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

லம்பங்களிலிருந்து ஈய மணல் சாக்குப் பைகளில் வரும். ஈயம் என்றதும் தமிழ்நாட்டில் இருப்பவர்கள் வேறொன்றை நினைத்துக்கொள்வார்கள். மலேசியாவில் ஈயம் என்றால் வெள்ளீயம்தான். இந்த நாட்டையே தோண்டிப் பார்க்க வைத்த உலோகம். அதன் தாதுவுக்குப் பளபளப்பெல்லாம் கிடையாது. கறுத்த மணல், கையில் எடுத்தால் கனம். அவ்வளவுதான்.

பளபளப்பெல்லாம் கூடவே வரும் வேண்டாத கற்களுக்கு. கந்தகம் கலந்தவை. உலோகம் மாதிரியே மின்னும், உலோகமாக இருக்காது. இவை மணலில் கலந்திருந்தால் சரக்கு கெட்டுப்போகும். எதெது கலந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது எங்கள் வேலை.

எனக்கு அந்தக் கற்களைப் பிடித்துப்போயிற்று. பைரைட் என்று ஒன்று. பித்தளை நிறம், பகடைக்காய் மாதிரி மட்டமான பக்கங்கள். மனிதக் கை படாமல் மண்ணுக்குள் ஒரு கல் இப்படித் தானாகவே சதுரம் கட்டிக்கொள்ளுமா என்று முதல் வாரமெல்லாம் லென்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சால்கோபைரைட் அதைவிட மஞ்சள். காற்றுப் பட்டுக் கிடந்தால் மயில் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும் ஓடும். கலினா என்பது காரீயத்தின் கல். சாம்பல் நிறம், உடைத்தால் சின்னச் சின்னப் படிக்கட்டுகளாக உடையும்.

மெருகில்லாத வெள்ளை ஓட்டில் தேய்த்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தங்கத்தைத் தேய்த்தால் தங்கக் கோடு விழும். பைரைட்டைத் தேய்த்தால் கரிக்கோடு. வெளியே அத்தனை மினுக்கிக்கொண்டு உள்ளே இப்படியா என்று எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. இதைத்தான் வெள்ளைக்காரர்கள் முட்டாள்களின் தங்கம் என்கிறார்கள். கல் யாரையும் ஏமாற்றவில்லை. பெயர் வைத்தவர்கள்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

நான்காவது ஒரு கல். வெள்ளி போல வெளுப்பு. வெள்ளைக்காரன் காலத்து லம்ப அறிக்கைகளில் அதற்கு மிஸ்பிக்கல் என்று எழுதியிருக்கும். முதன்முதலில் படித்தபோது யாரோ வாத்தியாரம்மா என்று நினைத்தேன். மிஸ் பிக்கல். பிக்கல் பிடுங்கல் என்கிறோமே, அந்தப் பிக்கல்.

சோங்கிடம் இதைச் சொல்லி விளக்கியபோது வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. பிறகு அந்தக் கல்லை ஜன்னலோரம் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். தீப்பொறி பறந்தது. "ஒரே ஒரு தடவை மோந்து பார். இனி எங்கே வந்தாலும் உனக்குத் தெரியணும்" என்றார் ஆங்கிலத்தில்.

பச்சைப் பூண்டை நசுக்கின வாசனை. கல்லிலிருந்து.

அதன் சரியான பெயர் ஆர்செனோபைரைட். இரும்பு, கந்தகம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்தது. கல்லாகக் கிடக்கும்வரை பெரிய வம்பு இல்லை. நெருப்பில் வாட்டினால் ஆர்செனிக் புகையாகக் கிளம்பும். ஆறிய இடத்தில் வெள்ளைப் பொடியாகப் படியும். அந்தப் பொடி எங்கள் கூடத்தில் ஒரு சின்னப் புட்டியில், பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. சாவி சோங்கின் சட்டைப் பையில்.

தமிழில் என்ன?

அப்பா ரயில்வேயில் கிளார்க். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் இன்றைக்கு என்ன கல் என்று கேட்பார். நான் பைரைட், கலினா என்று சொல்லுவேன். "சரி, தமிழ்ல அது என்ன?" என்பார். எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆனாலும் தினமும் கேட்பார்.

எரிச்சலில் தொடங்கி, கடைசியில் எனக்கே அது ஒரு வெறியாகிவிட்டது. சோங்குக்குச் சீனத்தில் பெயர்கள் தெரிந்தன. மலாய்க்காரர்களுக்கு மணலுக்கும் சக்கைக்கும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. என் வாயில் மட்டும் ஒன்றுமில்லை. தமிழன் கல்லையே பார்த்ததில்லையா என்ன?

அம்மா கிள்ளானில் ஒரு நாட்டு மருந்துக் கடைக்கு வசம்பு வாங்க அனுப்பியபோது எனக்கு அந்த யோசனை வந்தது. சித்த மருந்தில் கல்லெல்லாம் சேர்ப்பார்களே. அடுத்த முறை போகும்போது நாலு கல்லையும் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன்.

கடையில் என் வயதுள்ள ஒருவர் இருந்தார். மாமா கடையைப் பார்த்துக்கொள்ள வந்தவர். ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பொட்டலங்களைப் பிரித்ததும் அவர் முகத்தில் இருந்த சலிப்பு போய்விட்டது. ஆள் வசம்பு, கடுக்காய் நிறுத்துக் கொடுத்தே களைத்துப் போயிருந்திருக்க வேண்டும்.

பைரைட்டைக் கையில் எடுத்து, "இது நிமிளை" என்றார்.

அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். நிமிளை. சொல்லிப் பார்த்தேன். கல்லின் மினுமினுப்பே அந்தச் சொல்லுக்குள் இருக்கிற மாதிரி பட்டது. மஞ்சளாக இருந்தால் பொன்னிமிளை என்றும் சொல்வதுண்டாம். சால்கோபைரைட்டையும் நிமிளை என்றார். அது வேறு, இதில் செம்பு இருக்கிறது என்றேன். அப்படியானால் இன்னொரு நிமிளை என்றார். உள்ளேயிருந்து அவர் மாமா, நிமிளை என்றால் அதெல்லாம் இல்லை, அது வெள்ளையாக இருக்கும் என்று குரல் கொடுத்தார். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. நான் இரண்டையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

கலினாவைப் பார்த்து இரண்டு பேருமே அஞ்சனக்கல் என்றார்கள். கண்ணுக்கு மை இடுகிற கல்.

இதில் ஒரு கிளைக்கதை உண்டு. மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் அத்தர் விற்கும் ஒரு கடையில் சுருமாக்கல் கிடைக்கும். அஞ்சனம் என்பதும் சுருமா என்பதும் ஒன்றுதான் என்று கேள்விப்பட்டு ஒரு துண்டு வாங்கி வந்து சோங்கிடம் காட்டினேன். புத்தகப்படி அது ஆன்டிமனியின் கல்லாக இருக்க வேண்டும், ஊசி ஊசியாக நீண்டு. உடைத்தால் படிக்கட்டு. கலினாதான். ஒரே பெயரில் இரண்டு கல் நூற்றாண்டுக் கணக்கில் கடைத்தெருவில் உலவியிருக்கிறது, வாங்கியவர்களும் விற்றவர்களும் கறுப்பாக மின்னினால் போதும் என்று இருந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் கண்ணுக்குச் சுருமா இடுவதை விட்டேன். அம்மாவின் கண்மையைக்கூடச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

கிள்ளான் கடைக்கு வருகிறேன். நாலாவது பொட்டலம், மிஸ் பிக்கல். இளையவர் புரட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார், தெரியவில்லை என்றார். மாமாவும் வெளியே வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இதை வாட்டினால் வெள்ளைப் பொடி வரும், அந்தப் பொடிக்காவது பெயர் உண்டா என்று கேட்டேன்.

மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்குப் பேரு வெள்ளைப் பாஷாணம். பேரு சொல்லுவேன், சரக்கு கேக்காதம்மா" என்றார்.

அவர் பார்வை போன பக்கம் பார்த்தேன். மேல் தட்டில் ஒரு சின்னக் கண்ணாடி அலமாரி. பூட்டியிருந்தது.

சோங்கின் அலமாரியும் இந்த அலமாரியும் ஒரே பொருளைத்தான் பூட்டி வைத்திருக்கின்றன என்பது எனக்கு அப்படியொரு சந்தோஷத்தைக் கொடுத்தது. அன்று சாயங்காலம் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர், "கல்லுக்குப் பேரு இல்ல, சாம்பலுக்கு மட்டும் பேரு இருக்கா?" என்றார். 

கொட்டகைக்குள்

லெட்சுமியின் கணவர் சேகரன் அண்ணன் லோரி ஓட்டுபவர். லம்பத்துக் கழிவு மண்ணையும் கல்லையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளமான நிலங்களில் கொட்டுவார். கலகலப்பான மனிதர். ஒருநாள் கொட்டிய கல்லுக்குள் வெள்ளையாக மின்னும் கட்டிகளைப் பார்த்திருக்கிறார். தூக்கினால் அளவுக்கு மீறின கனம். கோப்பிக் கடையில் காட்டினால், தெரிந்த மாதிரி பேசும் ஒருவர் வெள்ளித் தாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். உருக்கினால் வெள்ளி பிரியும் என்றும் சொல்லியிருக்கிறார்.

தவுக்கேயின், அதாவது முதலாளியின், லோரியை ஓட்டி ஓட்டி அவருக்கு அலுத்துவிட்டிருந்தது. சொந்தமாக ஒரு பழைய லோரியாவது வாங்க வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார். வேலை விட்டு வந்ததும் கொட்டகையில் கரியைப் போட்டு, மேசைக் காற்றாடியை அதன் பக்கம் திருப்பி வைத்து, மண்சட்டியில் கல்லை வாட்டுவது வழக்கமாகிவிட்டது.

நான் கொட்டகை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை. கரி சிவந்து கிடந்தது.

"வா தங்கச்சி. கல்லு பாக்குற வேலையில இருக்கியே, உன்கிட்டதான் கேக்கணும்னு இருந்தேன்" என்று ஒரு கட்டியை நீட்டினார். உடைந்த பக்கம் புதுத் தட்டு மாதிரி பளிச்சென்றிருந்தது.

நான் அதை வாங்கவில்லை. மேலே பார்த்தேன். கூரைத் தகரத்தின் அடிப்பக்கம் முகப்பவுடர் தடவின மாதிரி வெளுத்திருந்தது. சமையலறைச் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம் லெட்சுமி சட்டிகளைக் கவிழ்த்து மாட்டியிருந்தாள். அவற்றின் முதுகிலும் அதே வெள்ளை.

"அண்ணே, முதல்ல காத்தாடிய நிறுத்துங்க. வெளிய வாங்க. இது வெள்ளி இல்ல. ஆர்செனிக்."

"ஆர்செனிக்னா? அதுக்கும் நல்ல வெல கெடைக்குமா?"

ஆர்செனோபைரைட் என்றேன். இரும்பும் கந்தகமும் என்றேன். எங்கள் கூடத்தில் இதைப் பூட்டி வைப்பார்கள் என்றேன். பூட்டி வைக்கிறார்கள் என்றால் விலை கூடின சரக்கு என்று அவர் எடுத்துக்கொண்டார். புகை விஷம், லெட்சுமிக்கு வந்திருப்பது கேஸ்ட்ரிக் இல்லை என்றும் சொல்லிப் பார்த்தேன்.

"பொகைன்னா எல்லாமே விஷந்தான் லா. லோரிப் பொகைய எத்தன வருஷமா குடிக்கிறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தார். என்னைக் கேலி செய்யவில்லை. அவருக்கு நான் அவர் மனைவியின் சின்ன வயதுத் தோழி. படித்த பெண், சட்டென்று பயந்துவிடுகிற பெண். அவ்வளவுதான்.

 நான் சொன்ன ஒரு வார்த்தையும் அவரைப் போய்த் தொடவில்லை. ஒவ்வொன்றும் பள்ளிக்கூடத்து வார்த்தை. அப்போதுதான் கிள்ளான் கடை மாமாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வை.

"அண்ணே, கூரையில ஒட்டியிருக்கே அந்தப் பொடி. அதுக்குப் பேரு பாஷாணம். வெள்ளைப் பாஷாணம்."

சேகரன் அண்ணன் குனிந்து காற்றாடியை நிறுத்தினார்.

"பாஷாணமா?" என்றார். "தோட்டத்துல புல்லுக்கு அடிப்பாங்களே, அதுவா?"

அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் களைகொல்லியில் ஆர்செனிக்தான் கலப்பார்கள். மருந்து அடித்த புல்லை மேய்ந்துவிட்டு அவர்கள் வீட்டுப் பசு வாசலிலேயே கால்களை உதைத்துக்கொண்டு செத்ததை அவர் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் அவர் பின்னாளில்தான் சொன்னார். அப்போது, "எங்க மாடு…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

பிறகு கையிலிருந்த கட்டியைக் கீழே வைத்தார். போடவில்லை, தூங்கும் பிள்ளையை இறக்கி வைக்கிற மாதிரி மெதுவாக வைத்தார். திரும்பிச் சமையலறைப் பக்கம் பார்த்தார். லெட்சுமி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சட்டிய எல்லாம் நான் துணியால தொடச்சிட்டுத்தான் சமைப்பேன்" என்றாள். "சாம்பலுன்னு நெனச்சேன்."

 அவள் போய் அடுப்பை அணைத்து, கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை மூடி வைத்தாள்.

சேகரன் அண்ணன் வாளித் தண்ணீரைத் தூக்கினார், நெருப்பில் ஊற்ற. நான் தடுத்தேன், ஆவியோடு அதுவும் கிளம்பும். லம்பத்து மணலுக்கு அங்கே பஞ்சமில்லை. வாசலிலிருந்து அள்ளி அள்ளி மூடினோம். ஈரத் துணியை மூக்கில் கட்டிக்கொண்டு, கூரையிலிருந்து கொஞ்சம் பொடியை ஒரு தாளில் சுரண்டி மடித்து எடுத்துக்கொண்டேன்.

மூன்று வீடு

லோரியில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன் இருக்கையில் மூன்று பேரும். லெட்சுமி என் தோளில் சாய்ந்திருந்தாள். 

பணியில் இருந்த இளம் டாக்டர் முதலில் நம்பவில்லை. கேஸ்ட்ரிக் மாத்திரையைப் பார்த்துவிட்டு, உனக்கு எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டார். நான் தாளைப் பிரித்துக் காட்டினேன். அது மாவாகவும் இருக்கலாம் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

வெளியே பொதுத் தொலைபேசியிலிருந்து சோங்கின் வீட்டுக்கு அடித்தேன். நான் தாளோடு கூடத்துக்கு ஓடினேன், அவர் வீட்டுச் செருப்போடு வந்து திறந்தார். பொடியில் ஒரு சிட்டிகையைக் கரியோடு கண்ணாடிக் குழாயில் போட்டுச் சுட்டார். குழாயின் குளிர்ந்த பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம் படிந்தது. அதைப் பார்த்தார். நேராகத் தொலைபேசியை எடுத்து, ஆஸ்பத்திரிக்கு அடித்து, அந்த டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். பேசும்போது அவர் குரல் உயர்ந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவளை வார்டில் சேர்த்து ஊசி போட ஆரம்பித்தார்கள். எண்ணெய் மாதிரி கெட்டியான மருந்து. ஊசி இறங்கும்போதெல்லாம் அழுதாள். சேகரன் அண்ணனையும் சோதித்தார்கள். அவர் உடம்பிலும் இருந்தது, ஆனால் குறைவு. காற்றாடி அவர் பக்கத்திலிருந்துதான் வீசியிருக்கிறது. புகையை அவரிடமிருந்து தள்ளி அவளிடம் அனுப்பியிருக்கிறது. இதை டாக்டர் சொன்னபோது அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

நிமிர்ந்தபோது, "இன்னும் ரெண்டு வீட்டுல இருக்கு தங்கச்சி" என்றார்.

கல் கிடைத்த பெருமையில் கூட வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஆளுக்கொரு கட்டி கொடுத்திருக்கிறார். உருக்கிப் பாருங்கள், வெள்ளி வந்தால் சேர்ந்து லோரி வாங்குவோம் என்று சொல்லியிருக்கிறார். நானும் அவரோடு கிளம்பினேன்.

முதல் வீடு உலு கிள்ளான் பக்கம் ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், டின் என்பவர் வீடு. அவர் கல்லைக் கதவு ஓரம் முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். உருக்கவே இல்லை. ராச்சுன் என்று சேகரன் அண்ணன் சொன்னதும், விஷம் என்ற அந்த ஒரு சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் இரண்டு பேருக்கும் கோப்பி கலக்கச் சொன்னார்.

அடுத்தது ஒரு சீனர் வீடு. அவர் வெளியே போயிருந்தார். அவர் மனைவிக்கு மலாய் அதிகம் வராது. பின்பக்கம் கரியடுப்பில் தகர டப்பாவில் கல் கிடந்தது, பாதி கறுத்து. ராச்சுன் என்றார் இவர். அந்த அம்மாள் தலையை ஆட்டினார், எலி விஷத்தைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு மூலையைக் காட்டினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பயனில்லை. சேகரன் அண்ணன் கூரையைத் தொட்டுக் காட்டி, பொடியைக் காட்டி, வாயில் போடுவது மாதிரி காட்டி, கழுத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்து காட்டினார். தரையில் விழுந்தே காட்டினார். அந்த வாட்டசாட்டமான மனிதர் அப்படிச் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அந்த அம்மாள் கையை வாயில் பொத்திக்கொண்டு, "பெய் ஸோங்" என்றார். ஓடிப்போய்த் தொட்டிலில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

லோரியில் ஏறியதும் சேகரன் அண்ணன் கேட்டார்: "பேய்னா சொன்னாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மறுநாள் சோங்கிடம் கேட்டேன். அதே வெள்ளைப் பொடிக்குத்தான் சீனத்தில் அந்தப் பெயர். பழைய கூத்துகளில் கெட்டவர்கள் கிண்ணத்தில் கலந்து கொடுப்பார்களாம். எல்லாச் சீனக் குழந்தைக்கும் தெரிந்த சொல் என்றார்.

கண்ணாடிப் பெட்டி

லெட்சுமி பிழைத்துக்கொண்டாள். உடம்பு தேறியது. உள்ளங்கால் மரத்துப்போனது மட்டும் லேசில் போகவில்லை. செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியாமல் நடந்து போவாள். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வீட்டை விட்டுக் காலி செய்துவிட்டார்கள்.

திருப்பி வாங்கிய கட்டிகளில் ஒன்றைச் சோங் எங்கள் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். லம்பத்து ஆட்கள் வந்து போகிற இடம், எல்லாரும் பார்க்கட்டும் என்று. அடியில் ஒட்டும் சீட்டில் எல்லா மொழியிலும் எழுத வேண்டும் என்றார். ஆங்கிலப் பெயரை அவரே எழுதினார், சீனப் பெயரையும். மலாயில் எழுத ஆள் இருந்தது. தமிழ் என் பொறுப்பு.

நான் அகராதிகளைப் புரட்டினேன். கிள்ளான் கடைக்கும் போய்க் கேட்டேன். இரண்டு பேரும் மறுபடி ஒரு வாக்குவாதம் நடத்தியதுதான் மிச்சம். கடைசியில் லெட்சுமியிடமே கேட்டேன். நிமிளை என்ற அழகான சொல்லைச் சொல்லி, அதை ஒட்டி ஏதாவது வைக்கலாமா என்றேன்.

"அதுக்கு எதுக்குடி அழகான பேரு?" என்றாள். "படிச்சவன் கைய எடுத்துடணும். அந்த மாதிரி வை."

பாஷாணக்கல் என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். எந்த அகராதிக்காரர் ஒப்புக்கொள்வாரோ, தெரியாது.

சில மாதம் கழித்துச் சேகரன் அண்ணன் தவுக்கேயின் மணல் மூட்டைகளை இறக்க எங்கள் மாடிக்கு வந்தார். கூட ஒரு புதுப் பையன், லோரிக்கு உதவியாள். பையன் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் நேராக அதனிடம் போனான்.

"அண்ணே, இங்க பாருங்க, வெள்ளி" என்றான்.

சேகரன் அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு வந்தார். அவருக்கு ஆங்கிலம் வராது. சீட்டில் கடைசி வரியில் இருந்த தமிழை உதட்டை அசைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். பெட்டி பூட்டியிருந்தது, கண்ணாடி தடிமனானது. இருந்தாலும் அவர் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போயின.

"படி" என்றார் பையனிடம். "சத்தமா படி."